உங்களுக்குத் தெரியுமா? ஊர்ப் பணம், ஊர்க் கணக்கு

எங்கள் ஊரில் அம்மன் கொடை முடிந்த பத்தாம் நாள் கோயில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். தலைக்கட்டு வரி இவ்வளவு, உபயம் இவ்வளவு, மைக்செட்டுக்கு இவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. பூக்காரருக்கு 40 ரூபாய் கூடுதலாகப் போயிருந்தாலும் கேட்டுவிட ஒரு மாமா இருப்பார். அதே ஊரில் அரசுப் பணத்தில் ஒரு பேருந்து நிழற்குடை வந்தது. எவ்வளவு ஆச்சு என்று அந்த மாமாகூடக் கேட்கவில்லை. இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்விதான்.

● யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பொதுவில் எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். சும்மா 'பொன் கொடுத்தான்' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லில் நிறுத்து, கழஞ்சுக்குக் கீழே மஞ்சாடி, குன்றி வரை கணக்கு இருக்கிறது. கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை சுவரில் உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு; பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பயனாளிகள் பட்டியல் என்று இன்று நாம் சொல்வது இதைத்தானே!

● இன்றைக்கும் திறப்பு விழாப் பலகைக்கு நம் ஊரில் 'கல்வெட்டு' என்றுதான் பெயர். அமைச்சர் பெயர் பெரிதாக, எம்.பி., எம்.எல்.ஏ., கலெக்டர், ஒன்றியத் தலைவர் என்று வரிசை குறையக் குறைய எழுத்தும் குறையும். தொகை? தேட வேண்டும். ஆனால், எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியின் வழிகாட்டு நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: வேலை நடந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு பலகை வேண்டும், அதில் செலவான தொகை, தொடங்கிய நாள், முடிந்த நாள், திறந்த நாள், எம்.பி.யின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் ஊர் நிழற்குடையில் அந்தத் தொகை இருக்கிறது என்றே பிறகுதான் தெரிந்தது. அந்த வரியின் மேல் சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தது.

● எம்.பி. நிதியை 1993 டிசம்பர் 23-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் பிரதமர் நரசிம்ம ராவ். முதல் ஆண்டில் ஓர் எம்.பி.க்கு 5 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே 1 கோடி. 1998-99-ல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். ஆக 57 பேர், பெருக்கினால் ஆண்டுக்கு 285 கோடி. எம்.எல்.ஏ. நிதி தனி: தொகுதிக்கு 3 கோடி, 234 தொகுதிகள், 702 கோடி. கொடை நோட்டீஸில் இதற்கு இடம் போதாது.

● 'எம்.பி. கொடுத்தார்' என்கிறோம். அவர் கைக்குப் பணமே வராது. அவர் பரிந்துரைப்பார்; ஒப்புதல் கொடுப்பதும் வேலையை முடிப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. இந்தத் திட்டமே செல்லாது என்று வழக்குப் போட்டவர்களுக்கு, செல்லும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது.

● மானியம் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். நம் தாத்தாக்களுக்கு அது வரி இல்லாமல் அனுபவித்த நிலம்: கோயில் மானியம், ஊழிய மானியம். உரக்கடைக்காரருக்கு அது விலையில் கழிவு. சட்டசபையில் 'மானியக் கோரிக்கை' என்றால் ஒரு துறை தன் ஆண்டுச் செலவுக்குச் சபையிடம் கேட்கும் பணம். ஊருக்கு வரும் நிதியும் அதே பெயரில் வருகிறது. எந்த மானியம் என்று தெரியாமல் கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் நம்மை ஒரு சுற்று விட்டுவிடுவார். அந்த மானியக் கோரிக்கையோடு ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகம் வெளியிடுகிறது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று அதில் அட்டவணை போட்டிருக்கும். இணையத்திலும் கிடைக்கும், காசு வேண்டாம்.

● கனடாக்காரர்கள் இந்தக் குழப்பத்தைச் சொல்லிலேயே தீர்த்துவிட்டார்கள். 'கிராண்ட்' என்றால் தகுதி பார்த்துக் கொடுப்பது. கொடுத்த பிறகு வழக்கமாகத் தணிக்கைக்கு வராது. 'காண்ட்ரிபியூஷன்' என்றால் நிபந்தனை உண்டு, செலவுக் கணக்கு காட்ட வேண்டும், தணிக்கைக்கும் வரும். 25,000 டாலருக்கு மேல் யாருக்கு எது கொடுத்தாலும் பெயர், தொகை, நோக்கத்தோடு தாமாகவே வெளியிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு மூத்தோர் சங்கத்தின் ஹாலுக்கு நாற்காலி வாங்கக் கொடுத்த பணமும் அந்தப் பட்டியலில் வரலாம்.

● கணக்கு காட்டாதவனை என்ன செய்வது? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் விடை இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவன் மட்டும் இல்லை. அவன் அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மைத்துனன், மருமகன், அப்பன், மகன் என்று பட்டியல் நீள்கிறது. ஒருவன் கணக்குக் காட்டாவிட்டால் சொந்தபந்தமே தேர்தலுக்கு வெளியே. கொஞ்சம் அதிகம்தான். ஆனால், பினாமி என்ற வித்தையை ஆயிரம் வருடத்துக்கு முன்பே யாரோ முயன்று பார்த்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இவ்வளவு நுணுக்கமாகத் தடை போட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

● தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. 1997. மத்திய சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே. மார் தட்டிக்கொள்ளும் முன் ஒரு விஷயம்: எதெதைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதிலேயே 22 விதிவிலக்குகள் இருந்தன. கதவை வைத்து 22 பூட்டும் போட்ட கதை.

● அந்தப் பூட்டுகளை உடைத்தது டெல்லி இல்லை, ராஜஸ்தானின் கூலிக்காரர்கள். 1990 மே 1-ல் தேவ்டுங்ரி என்ற சிற்றூரை மையமாக வைத்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு பிறந்தது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதில் இருந்தார்கள். பஞ்சநிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை. கேட்டால், 'நீ செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் இருக்கிறது' என்றார்கள். 'அந்தப் பதிவேட்டைக் காட்டு' என்றால், அது ரகசியம்.

1994 டிசம்பர் 2-ல் கோட்கிரானா என்ற ஊரில் திறந்த வெளியில் மக்கள் கூடினார்கள். எப்படியோ கிடைத்த வருகைப் பட்டியலின் நகலை ஒருவர் உரக்கப் படித்தார். அவ்வளவுதான் கூட்டம். படிக்கப் படிக்க, 'நான் அந்த வேலைக்கே போகலையே' என்று ஆட்கள் எழுந்து நின்றார்கள். தங்கள் பெயரில் கூலி வாங்கப்பட்டதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும். அதற்குப் பெயர் ஜன் சுன்வாய், மக்கள் விசாரணை. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதுதான் கோஷம். அங்கிருந்து ஒன்பது ஆண்டு நடந்து, 2005 ஜூன் 15-ல் ஜனாதிபதி கையெழுத்து, அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அமல்.

● ஆர்.டி.ஐ. என்றதும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுவது என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்தால் மனுவே வேண்டாம் என்கிறது. ஒவ்வொரு அரசு அலுவலகமும் 17 தலைப்புகளில் தகவலைக் கேட்காமலேயே வெளியிட வேண்டும். எந்த முகமைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு கொடுத்தாச்சு, மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, தொகை எவ்வளவு, பயனாளிகள் யார் என்பதெல்லாம் அந்தப் 17-ல் அடக்கம். இதற்குச் சட்டம் கொடுத்த கெடு 120 நாள். அது 2005-லேயே முடிந்துவிட்டது. உங்கள் ஊர் ஒன்றிய அலுவலகச் சுவரில் அது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பீரோவின் பின்பக்கம் இருக்கும்.

● ராஜஸ்தானில் 2019-ல் 'ஜன் சூச்னா' என்ற தளத்தைத் தொடங்கி, ஊர்வாரியாக யாருக்கு என்ன உதவி போயிற்று என்று போட்டார்கள். நான்காம் பிரிவுக்கு உயிர் கொடுத்த வேலை அது. போராட்டம் பிறந்த மண் என்பதால் கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது.

● தாளை மட்டும்தான் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவுப்படி நடக்கிற வேலையையே நேரில் ஆய்வு செய்யலாம், குறிப்பு எடுக்கலாம், சான்றளித்த பொருள் மாதிரியும் வாங்கலாம். புதுச் சாலையின் ஜல்லிக்கலவையில் ஒரு கட்டியைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

● நானும் ஒரு தடவை ஆவண ஆய்வு கேட்டுப் போனேன். நம்முடைய நிழற்குடைக்குத்தான். ஆய்வில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, எஸ்டிமேட்டையும் எம்-புக்கையும் எடுத்துக் கொடுத்தார்கள். எம்-புக் என்பது வேலை நடந்த பிறகு பொறியாளர் அளந்து எழுதும் அளவைப் புத்தகம்; பில் போவது இதை வைத்துத்தான். தூண் நான்கு, கூரைத் தகடு இவ்வளவு, சிமென்ட் பெஞ்ச் நீளம் 3.60 மீட்டர். மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய், பெஞ்சில் இருந்த பாட்டியைக் கொஞ்சம் எழுப்பிவிட்டு அளந்தேன். 3.60 மீட்டர், ஒரு சென்டிமீட்டர் கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. பாட்டி, 'என்ன தம்பி, இடிக்கப் போறாங்களா?' என்று கேட்டார். கணக்கு சரியாக இருப்பதைக் கண்டுபிடிப்பதும் ஒரு தகவல்தான். அதை யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை என்பதுதான் குறை.

● மனு எழுதும்போது 'ஏன்' என்று கேட்காதீர்கள். 'ஏன் இந்தத் தெருவுக்கு ஹைமாஸ் விளக்கு போடவில்லை' என்றால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று ஒற்றை வரியில் பதில் வரும். 'கடந்த நிதியாண்டில் எந்தெந்த இடத்தில் போடப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டுத் தொகை, ஒப்புதல் ஆணையின் நகல்' என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். உரிய காரணமில்லாமல் இழுத்தடித்தால், தகவல் ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 வரை அந்த அலுவலருக்கே அபராதம் போடலாம்.

● அரசுப் பணம் வாங்கும் சங்கம், அறக்கட்டளை, கல்லூரி? கணிசமான நிதி அரசிடமிருந்து வந்தால் தொண்டு நிறுவனமும் ஆர்.டி.ஐ.க்குள் வரும். 'கணிசம்' என்றால் பாதிக்கு மேலா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிப் பாதிக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை என்று 2019-ல், ஒரு கல்லூரி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பு வந்தது. தணிக்கைத் துறைக்கு அளவு வேறு: 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் அமைப்புக்கு அரசு கொடுத்தது 25 லட்சத்துக்குக் குறையாமலும் அதன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் சி.ஏ.ஜி. அதன் கணக்கைப் பார்க்கலாம்.

● அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் 'யூ.சி.' பயன்பாட்டுச் சான்றிதழ். வாங்கிய பணத்தை வாங்கிய காரியத்துக்கே செலவழித்தேன் என்று எழுதிக் கொடுக்கும் தாள். மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வர வேண்டும். 'யூ.சி. கொடுத்தாச்சு' என்றால் பணம் செலவாகிவிட்டது என்று பொருள். வேலை நன்றாக நடந்தது என்று பொருள் இல்லை.

● பணம் எவ்வளவு வருகிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டால் மட்டும் என்ன ஆகும் என்பவர்களுக்கு உகாண்டா கதை. அங்கே தொடக்கப் பள்ளிகளுக்கு, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் அனுப்பியது. 1991 முதல் 95 வரையிலான கணக்கை ஆய்வாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்தார்கள். தலைநகரில் நூறு ஷில்லிங் கிளம்பினால் சராசரியாகப் பதின்மூன்று பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது. பாதிப் பள்ளிகளுக்கும் மேல் ஒன்றுமே வரவில்லை. அரசு பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று நாளிதழில் போட்டது. பள்ளிக்கூட வாசலில், வந்த தொகையை எழுதி ஒட்டச் சொன்னது. 2001-ல் 80 சதவீதத்துக்கும் மேல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. முழுப் பெருமையும் பத்திரிகை விளம்பரத்துக்கே போகாது, அதே காலத்தில் வேறு நிதிச் சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். நியாயமான வாதம். இருந்தாலும், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தலைமை ஆசிரியரை மாவட்ட அலுவலகம் எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

● இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் வெளியிட வேண்டும். அமெரிக்காவில் 2006-ல் வந்த சட்டத்தால், கூட்டாட்சி அரசின் மானியமும் ஒப்பந்தமும் எவருக்குப் போகிறது என்று தேட ஒரே தளம் உண்டு. அந்த மசோதாவைச் சேர்ந்து கொண்டுவந்தவர்களில் ஒருவர், அப்போது செனட்டராக இருந்த பராக் ஒபாமா.

● இனி ஒரு கசப்பு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கி எழுதிவிட்டது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம். பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்கலாம் என்று அங்கேயே எழுதியிருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்க வழி இருக்கிறது. பயனாளியின் பெயரும் தனிநபர் தகவல், கான்டிராக்டரின் பெயரும் தனிநபர் தகவல். பெயரில்லாமல் கோட்கிரானாவில் அந்தப் பட்டியலைப் படித்திருந்தால் யார் எழுந்து நின்றிருப்பார்கள்? ஒரு சிறு ஆறுதல்: பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுவில் அந்த எண்ணை மறக்காமல் எழுதுங்கள்.

● நமக்கு நாமே திட்டம் 1997-98-ல் தொடங்கியது. இடையில் பெயர் மாறி, தன்னிறைவுத் திட்டமாக ஓடி, 2021-ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பள்ளிக்குச் சுற்றுச்சுவர், வகுப்பறை, நூலகம் என்று பல ஊர்களில் இதில்தான் எழுந்தன. இதில் ஒரு விசேஷம்: இங்கே நாம் வரி கட்டியவர்கள் மட்டும் இல்லை, கையிலிருந்தும் எடுத்துக் கொடுத்தவர்கள். மொய் நோட்டில் 51 ரூபாயைக்கூட எழுதி, இருபது வருடம் கழித்துத் திருப்பிச் செய்யும் ஜனங்கள் நாம். சுற்றுச்சுவருக்குக் கொடுத்த ஐயாயிரத்துக்கு ரசீது வாங்கியதோடு நின்றுவிடுகிறோம்.

● கடைசியாக, செலவில்லாத வழி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச்சும் நவம்பரும் 2022-ல் சேர்ந்தவை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் கூட்டம் செல்லும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஊராட்சியின் வரவு செலவைப் 'படிவம் 30' என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி அன்று வைக்க வேண்டும். எங்கள் ஊரில் போன முறை ஃபிளக்ஸாக அடித்து, பந்தலுக்குப் பின்னால், தண்ணீர் கேன் அடுக்கிய இடத்தில் கட்டியிருந்தார்கள். நானும் அந்த மாமாவும் போய் கேன்களை நகர்த்தி வைத்தோம். ஊராட்சிச் செயலர் ஒன்றும் சொல்லவில்லை. அவரே வந்து ஒரு கேனைத் தூக்கினார். அடுத்த கிராம சபைக்கு நீங்களும் போங்கள். போன உடனே, 'படிவம் 30 எங்கேய்யா?' என்று கேளுங்கள்.